தாகத்தையும் எழுதி வைக்க வேண்டும்

உட்கொண்ட நீர், வெளியேறிய நீர் என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும் அந்தப் படிவத்தைச் செவிலியர் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குடித்ததும் டிரிப்ஸில் ஏறியதும் மூக்குக் குழாய் வழியே கொடுத்ததும் ஒரு பக்கம். சிறுநீர், வாந்தி, பேதி, வடிகுழாயில் இறங்கியது எல்லாம் மறுபக்கம். பணிநேரம் முடியும்போது இரண்டையும் தனித்தனியே கூட்டி, மிச்சம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கிறோம். பல ஆண்டுகளாக இதைச் செய்துவரும் எனக்கு ஒரு கேள்வி மட்டும் அடங்காமல் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு குடித்தார் என்பதை மில்லிலிட்டர் கணக்கில் எழுதுகிற நாம், அவருக்குத் தாகம் இருந்ததா என்பதை ஏன் எங்குமே எழுதுவதில்லை? வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டுச் சொல்லும்படி நோயாளியைக் கேட்கிறோம், அதை நாடித்துடிப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பக்கத்திலேயே குறித்துவைக்கிறோம். தாகத்தை மட்டும் ஒரு புகாராகவோ ஒரு வேண்டுகோளாகவோ கேட்டுக்கொண்டு, தண்ணீர் கொடுத்தோ மறுத்தோ கடந்துவிடுகிறோம். மற்ற நோயாளிகளிடம் இதனால் பெரிய கேடு வராமல் போகலாம். ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடம் இந்த விடுபடல் சிறிய விஷயமல்ல என்பது என் உறுதியான கருத்து.

உடலின் நீர்க்கணக்கைப் பார்த்துக்கொள்வது மூளையின் ஹைப்போதலாமஸ். ரத்தத்தின் அடர்த்தி ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடினாலே அது உணர்ந்துகொள்கிறது. உணர்ந்ததும் இரண்டு காரியங்களைச் செய்கிறது: தாகத்தை எழுப்புகிறது, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் சேமித்து வைத்திருக்கும் ஏ.டி.எச். என்னும் வாசோப்ரெசின் ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. தாகம் வெளியிலிருந்து நீரை வரவழைக்கிறது, ஏ.டி.எச். உள்ளிருக்கும் நீரைச் சிறுநீரகத்தின் வழியே வீணாகாமல் காக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் ரத்தத்தில் உள்ள சோடியத்தை லிட்டருக்கு 135-க்கும் 145 மில்லிமோலுக்கும் இடையிலான குறுகிய எல்லைக்குள் நாள் முழுவதும் நிறுத்திவைக்கின்றன. நாம் படிவத்தில் எழுதும் சிறுநீரின் அளவு ஏ.டி.எச். செய்த வேலையின் விளைவு. தாகமோ, அதே ஹைப்போதலாமஸ் அதே ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லும் இன்னொரு சாட்சியம். ஒரே இடத்திலிருந்து வரும் இரண்டு சாட்சியங்களில் ஒன்றை மட்டும் பதிவுசெய்துகொண்டு மற்றதைக் காற்றில் விடுவது எப்படி முழுமையான பராமரிப்பாகும் என்பது எனக்குப் புரியவில்லை.

சர்க்கரை நோயோடு தொடர்பில்லாத, ஏ.டி.எச். குறைவால் வரும் டயாபடீஸ் இன்சிபிடஸ் என்ற நோய் உள்ளவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஏ.டி.எச். சுரக்காதபோது சிறுநீரகத்தால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாது. நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்கு மேல், கடுமையான நிலையில் பத்து லிட்டரையும் தாண்டி, நிறமற்ற சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருடைய சோடியம் ஏறத்தாழ இயல்பாகவே இருக்கும், ஏனெனில் போனதை எல்லாம் தாகம் திரும்பக் குடிக்க வைத்துவிடுகிறது. ஹார்மோன் இல்லாத உடலைத் தாகம் ஒன்று மட்டுமே தாங்கி நிற்கிறது. மயக்க மருந்தின் தாக்கம், அறுவை சிகிச்சைக்கு முந்தைய பட்டினி, காய்ச்சலில் வரும் குழப்பம், கையை எட்டி டம்ளரை எடுக்க முடியாத பலவீனம், இவற்றில் ஏதாவது ஒன்று வந்துவிட்டால் அந்தத் தாங்கலும் போய்விடும். அதுவரை நோயாளி தனக்குத் தானே செய்துகொண்டிருந்த வேலையை அந்த நிமிடத்திலிருந்து செவிலியர் செய்தாக வேண்டும். அவருடைய தாகம் எவ்வளவு இருந்தது, எப்போது மாறியது என்ற குறிப்பே இல்லாமல் அதை எங்கிருந்து தொடங்குவது?

ஐந்தாம் நாளின் நல்ல செய்தி

இந்தக் கேள்வி எனக்குள் விழுந்தது ஓர் இரவுப் பணியில். பிட்யூட்டரி கட்டியை மூக்கு வழியாக அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாளில் இருந்த ஒருவரை அன்று என்னிடம் ஒப்படைத்தார்கள். அறுவை சிகிச்சை நடந்த நாளின் இரவிலேயே அவருக்குச் சிறுநீர் மணிக்கு 300 மில்லிலிட்டர் என்ற கணக்கில் தொடர்ந்து இறங்கியிருந்தது. அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய திரவம் வெளியேறுவதாலும், கொடுத்த ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறுவதாலும் சிறுநீர் பெருகலாம் என்பதால், முதலில் ரத்தச் சர்க்கரையைப் பார்த்திருந்தார்கள், அது இயல்பு. சிறுநீரின் ஒப்படர்த்தி 1.005-க்குக் கீழே, அதாவது சிறுநீர் மிகவும் நீர்த்திருந்தது, சோடியம் 145-க்கு மேலே. ஏ.டி.எச்.-இன் வேலையைச் செய்யும் டெஸ்மோப்ரெசின் என்ற மருந்து தொடங்கப்பட்டது. நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவரிடமும் உடனிருந்தவர்களிடமும் சொல்லப்பட்டது. அன்றைய நிலையில் ஒவ்வொன்றும் சரியான நடவடிக்கை. ஐந்தாம் நாள் மாலைப் பணிமாற்றத்தின்போது என் முன்னால் இருந்த படிவம் யாரையும் நிம்மதி கொள்ளச் செய்யும் படிவம். சிறுநீர் மணிக்கு 40, 50 மில்லிலிட்டர் என்று இறங்கியிருந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் ஒப்படைத்தவர் சொன்னார். அந்த எண்களை மட்டும் பார்த்தால் அப்படிச் சொல்வதில் பிழையே இல்லை.

அன்று வார்டின் பொறுப்பில் இருந்த மூத்த செவிலியர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைப்பவர், படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தாகம் எப்படி இருக்குன்னு அவரைக் கேட்டீங்களா?” படிவத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் போய்க் கேட்டேன். முந்தைய நாள்வரை வாய் வறண்டு போகிறது, எவ்வளவு குடித்தாலும் அடங்கவில்லை என்று சொல்லிவந்தவர், இப்போது வித்தியாசமாகப் பதில் சொன்னார். “தாகமே இல்ல சிஸ்டர். குடிக்கணும்னு சொன்னாங்க, அதான் குடிச்சிட்டே இருக்கேன். காலையில இருந்து லேசா தலை வலிக்குது.” படுக்கையருகே பாட்டில் நிறைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி, அரைமணிக்கு ஒரு முறை டம்ளரை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வெளியே போவது ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, உள்ளே வருவது பழைய வேகத்திலேயே தொடர்கிறது. எடைக் கருவியில் நிறுத்திப் பார்த்தபோது காலையில் எடுத்ததைவிட ஒரு கிலோவுக்கும் மேல் கூடியிருந்தார். ஒரே நாளுக்குள் கூடும் ஒரு கிலோ எடை என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். இரவு வேளைக்கான டெஸ்மோப்ரெசின் மருந்துச் சீட்டில் அப்படியே இருந்தது, கொடுக்க வேண்டிய நேரமும் நெருங்கிவிட்டது. அக்கா அந்த மருந்தை நிறுத்திவைத்துப் பணியில் இருந்த மருத்துவரை அழைத்தார். அவசரமாக எடுக்கப்பட்ட ரத்தத்தில் சோடியம் 129. காலையில் அது 138 ஆக இருந்தது.

பிட்யூட்டரியின் பின்பகுதியோ அதன் காம்போ காயப்படும்போது சிலருக்கு நடக்கும் மூன்று கட்டப் போக்கு அது. முதலில் அதிர்ச்சியில் ஏ.டி.எச். வராமல் நிற்கிறது, சிறுநீர் பெருகுகிறது. சில நாட்கள் கழித்து, சிதைந்துகொண்டிருக்கும் நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருந்த ஏ.டி.எச்., விரிசல் விட்ட குடத்திலிருந்து நீர் கசிவதைப்போல, எந்தக் கட்டளையும் இல்லாமல் கசியத் தொடங்குகிறது. அப்போது சிறுநீர் சட்டென்று குறைகிறது, குடித்ததெல்லாம் உடலிலேயே தங்குகிறது, சோடியம் நீர்த்துப்போகிறது. சேமிப்பு தீர்ந்த பிறகு, பெரும்பாலும் நிரந்தரமாக, ஏ.டி.எச். இல்லாத நிலை திரும்புகிறது. எல்லோருக்கும் இந்த மூன்று கட்டமும் வருவதில்லை. பலருக்கு முதல் கட்டம் சில நாட்களில் தானாகவே மறைந்துவிடுகிறது, சிலருக்கு இரண்டாம் கட்டம் மட்டும் தனியாக வருகிறது. எனவே, ஐந்தாம் நாளில் சிறுநீர் குறைந்தால் அது குணமாகவும் இருக்கலாம், நேர் எதிரான ஆபத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். சிறுநீரின் எண் இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துக் காட்டுபவை சோடியமும் எடையும், இந்த நோயாளியின் விஷயத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் அவருடைய தாகமும். ரத்தப் பரிசோதனைக்கான அடுத்த நேரம் மறுநாள் காலையாக இருந்தது. வாசோப்ரெசின் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். டெஸ்மோப்ரெசினோ பல மணிநேரம் வேலை செய்யும், உள்ளே போனபின் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அந்த இரவு மருந்தையும் கொடுத்து, தண்ணீரையும் நிறுத்தாமல் விட்டிருந்தால், காலைப் பரிசோதனைக்கு முன்பே வலிப்பு வந்திருக்கக்கூடும்.

அவருடைய குடிநீர் நாளொன்றுக்கு ஒரு லிட்டராகக் கட்டுப்படுத்தப்பட்டது. சோடியம் மெல்ல ஏறியது. சில நாட்களில் சிறுநீர் மறுபடி பெருகியது, அதற்குச் சற்று முன்பே தாகமும் திரும்பியிருந்தது என்று அவரே எங்களை அழைத்துச் சொன்னார். நாள்தோறும் தாகத்தைப் பற்றிக் கேட்டுவந்ததால் அது சொல்லத்தக்க செய்தி என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நாம் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோமோ அதைத்தான் நோயாளி கவனிக்கக் கற்றுக்கொள்கிறார்.

குடிக்க வேண்டாம் என்று சொல்லும்போது

தாகத்தை எப்போதும் அப்படியே நம்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஏ.டி.எச். தேவைக்கு மேல் சுரக்கும் நிலையை வில்லியம் ஷ்வார்ட்ஸும் ஃபிரெடெரிக் பார்ட்டரும் 1957-இல் நுரையீரல் புற்றுநோய் கண்ட இரு நோயாளிகளிடம் விவரித்தார்கள். இப்படிப்பட்ட நோயாளிகளில் பலருக்கு ரத்தம் நீர்த்துப்போன பிறகும் தாகம் முழுதாக அடங்குவதில்லை. தாகம் எழும் எல்லையே கீழே இறங்கிவிடுகிறது. நான் மேலே சொன்னவருக்குத் தாகம் நின்றது. வேறொருவருக்கு அது நிற்காமலும் போகலாம். சிகிச்சையின் முதல் படியோ, நாளுக்கு 800 மில்லிலிட்டர் அல்லது ஒரு லிட்டர் என்று நீரைக் குறைப்பது. மருத்துவர் ஒரு வரியில் எழுதிவிடும் அந்தக் கட்டளையை 24 மணிநேரமும் நடைமுறைப்படுத்துபவர் செவிலியர். தாகத்தோடு இருக்கும் ஒருவரிடம் தண்ணீரை மறுப்பது எங்கள் பணியில் மிகக் கடினமானவற்றில் ஒன்று என்பதை வெளியிலிருப்பவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டுப் போவது மட்டும் பராமரிப்பு ஆகாது. கிடைக்கும் 800 மில்லிலிட்டரை நோயாளியோடு உட்கார்ந்து நாள் முழுவதும் பங்கிட வேண்டும். மாத்திரை விழுங்கத் தேவைப்படும் நீரை முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். வாயை அடிக்கடி கொப்பளிக்கச் செய்து, உதட்டில் களிம்பு தடவி, சிறிய பனிக்கட்டித் துண்டுகளைக் கொடுக்க வேண்டும். தாகம் அடங்கும் உணர்வு ஓரளவு வாயிலும் தொண்டையிலும் தொடங்குவதால் குளிர்ச்சியான ஒரு சிறு துண்டு, அதன் அளவுக்கு மிஞ்சிய ஆறுதலைத் தருகிறது. உருகினால் பனிக்கட்டித் துண்டுகளின் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால், ஒரு கோப்பை துண்டுகளை அரைக்கோப்பை நீராகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இங்கும் தாகத்தைக் குறித்துவைப்பதால் பயன் உண்டு. தாகம் 8 என்று சொல்பவர் அறைக் குழாயிலோ, பக்கத்துப் படுக்கைக்காரரின் பாட்டிலிலோ குடித்துவிட வாய்ப்பு அதிகம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. சோடியம் எதிர்பார்த்தபடி ஏறவில்லை என்றால் கட்டுப்பாட்டை மேலும் இறுக்குவதற்கு முன், அந்த 8-ஐக் குறைக்க நாம் என்ன செய்தோம் என்று கேட்பதுதான் நியாயம். மறுபக்கம், சோடியம் மிக வேகமாக ஏறுவதும் ஆபத்துதான். நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை 24 மணிநேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தினால் மூளையின் நரம்புறை சிதையக்கூடும். சிதைந்தபின் பேச்சும் விழுங்கும் திறனும் கை கால் அசைவும் பாதிக்கப்படலாம். ஆகவே, சிறுநீர் திடீரென்று பெருகுவதைக் கண்டால் அதை உடனே தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் சோடியம் கைமீறி ஏறப்போவதன் முதல் அறிகுறி அதுதான்.

கார்டிசால் வந்த பிறகு திறக்கும் மடை

நீர்ச் சமநிலையைப் பற்றிப் பேசும்போது ஏ.டி.எச். ஒன்றையே நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசாலும் அதே அளவு முக்கியம். கார்டிசால் குறைந்தால் ஏ.டி.எச். கூடுகிறது, சிறுநீரகத்தால் மிகை நீரை வெளியேற்ற முடிவதில்லை, சோடியம் இறங்குகிறது. பிட்யூட்டரி செயலிழந்த ஒருவரிடம் டயாபடீஸ் இன்சிபிடஸும் சேர்ந்தே இருந்தால், கார்டிசால் குறைவு அதை மறைத்துவிடும். சிறுநீர் இயல்பான அளவில் போவதுபோல் தோன்றும். கார்டிசாலை ஈடுசெய்யும் மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்ததும் சில மணிநேரத்தில் மறைந்திருந்தது வெளிப்பட்டு, சிறுநீர் லிட்டர் கணக்கில் இறங்கத் தொடங்கும், தாகமும் கூடவே எழும். மருந்து பலித்துவிட்டது என்று மகிழ்கிற அதே வேளையில் மணிக்கொரு முறை சிறுநீரை அளக்க வேண்டிய கட்டம் அது. தைராய்டும் சேர்ந்து குறைந்திருந்தால் தைராக்ஸினுக்கு முன்பே கார்டிசாலை ஈடுசெய்ய வேண்டும் என்ற விதியையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வரிசை மாறினால் அட்ரீனல் நெருக்கடி வரக்கூடும்.

1855-இல் தாமஸ் அடிசன் விவரித்த அட்ரீனல் நோயில் சித்திரம் வேறுவிதமாக இருக்கும். கார்டிசாலோடு, உடலில் உப்பைக் காக்கும் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் இல்லாததால் உப்பு சிறுநீரில் போய்விடுகிறது, பொட்டாசியம் ஏறுகிறது, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் விழுகிறது. இவர்களில் பலர் உப்பின் மீது அடங்காத ஆசை இருப்பதாகச் சொல்வார்கள். அதுவும் தாகத்தைப்போல உடல் கொடுக்கும் சாட்சியம்தான், அதற்கும் நம் படிவத்தில் இடமில்லை. வாந்தியோ காய்ச்சலோ வந்து இவர்கள் நெருக்கடிக்குள் போகும்போது, பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் முதல் ஒரு மணிநேரத்தில் ஒரு லிட்டர் சலைனும் உயிர்காக்கும் சிகிச்சை. ரத்தப் பரிசோதனையின் முடிவுக்காக அந்த ஊசியைத் தாமதிக்கக் கூடாது.

இன்சுலின் குறைவால் ரத்தம் அமிலமாகும் அவசரநிலையான நீரிழிவின் கீட்டோஅசிடோசிஸைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அங்கே தாகத்தை யாரும் தவறவிடுவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டர் வரை நீரை இழந்துவிட்டு வருபவர்களிடம் திரவத்தை முதலில் தொடங்குகிறோம். பொட்டாசியம் மிகவும் தாழ்ந்திருந்தால் அதை ஏற்றிய பிறகே இன்சுலினை ஆரம்பிக்கிறோம், ஏனெனில் இன்சுலின் அதைச் செல்லுக்குள் இழுத்து இன்னும் தாழ்த்திவிடும். தாகத்தைக் கேட்கப் பழகிய ஒரே இடம் சர்க்கரை நோய்தான் என்பதால் ஒரு கேடும் விளைகிறது. தாகம், மிகுந்த சிறுநீர், ‘டயாபடீஸ்’ என்ற பெயர் மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவுடன் சர்க்கரையைப் பார்க்கிறார்கள், அது இயல்பாக இருந்தால் கவலை இல்லை என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

தள்ளிப்போகக் கூடாத ஒரு வேளை

டெஸ்மோப்ரெசின் அத்தனை அவசரமான மருந்து அல்ல என்ற எண்ணமும் இங்கிருந்துதான் பிறக்கிறது. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவோ சிறு மாத்திரையாகவோ இருக்கும் அதே மருந்தைப் படுக்கையில் சிறுநீர் போகும் குழந்தைகளுக்கும் கொடுப்பதால், வேறு நோய்க்காகச் சேர்க்கப்பட்டவரின் மருந்துப் பட்டியலில் அது கடைசியில் நிற்கிறது. வார்டில் இருப்பு இல்லை, காலையில் வரும் என்று விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, இந்த மருந்து தவறியதாலும் தாமதமானதாலும் நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்படுவதையும் இறப்பதையும் சுட்டிக்காட்டி 2016-இல் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. இன்சுலினுக்கு நாம் கொடுக்கும் அதே முக்கியத்துவம் இதற்கும் வேண்டும்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. வீட்டில் இருக்கும் டயாபடீஸ் இன்சிபிடஸ் நோயாளிகளுக்கு, வாரம் ஒரு முறையேனும் ஒரு வேளை மருந்தை வேண்டுமென்றே தாமதித்து, சிறுநீர் பெருகித் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கும்படி மருத்துவர்கள் பலர் அறிவுறுத்துகிறார்கள். உடலில் தேங்கிய மிகை நீர் வெளியேறி, சோடியம் தாழாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. வீட்டில் இப்படித் தாமதிப்பது பாதுகாப்பு. மருத்துவமனையில் அதே தாமதம் உயிரைப் பறிக்கக்கூடியது. நோயாளியும் ஒருவரே, மருந்தும் ஒன்றே. வீட்டில் அவருக்குத் தாகம் தெரிகிறது, தண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது; மருத்துவமனைப் படுக்கையில் இந்த இரண்டில் ஒன்று அவரிடம் இல்லாமல் போகலாம். அதனால் இப்படிப்பட்ட ஒருவரை நான் ஒப்படைக்கும்போது, கூட்டல் கழித்தல் கணக்கோடு குறிப்புப் பகுதியில் ஐந்து விஷயங்களை எழுதுகிறேன்: இப்போது தாகம் 10-க்கு எவ்வளவு, நேற்று எவ்வளவு இருந்தது, தண்ணீரை அவரே எடுத்துக் குடிக்கிறாரா அல்லது யாராவது கொடுக்கிறார்களா, அடுத்த டெஸ்மோப்ரெசின் எத்தனை மணிக்கு, அதைக் கொடுக்கும் முன் எந்தச் சோடியத்தைப் பார்க்க வேண்டும். பிட்யூட்டரி அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரிடம், ஒரு வாரத்தை ஒட்டிச் சோடியத்தைப் பரிசோதிக்கும் தேதியையும், தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் உணவுக்கு முன் ஒரே எடைக் கருவியில் எடை பார்க்கும் முறையையும், தாகம் இல்லாதபோது கட்டாயப்படுத்திக் குடிக்க வேண்டியதில்லை என்பதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கிறேன். கடைசியாகச் சொன்னதை உடனிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுப்பவரிடமும் தனியே ஒரு முறை சொல்கிறேன்.